செய்திக்கும் வேர் உண்டு

(சென்னை மயிலாப்பூரில், தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சொல் தமிழ்தானா என்னும் ஐயம் எழுந்தால் தூயதமிழ் அன்பர் செய்வது யாது? அதன் ஒலியினிமையில் அவர் மயங்குவதில்லை. எத்துணைப் பேர் வாயில் அது வழங்குகின்றது என்று எண்ணி அமைவதுமில்லை. அதன் வேரைத் தேடுகின்றார். எந்த அடியினின்று கிளைத்தது, எவ்வழியாக வந்தது, எப்பொழுது முதன்முதல் எழுத்தில் ஏறியது என்று துருவிப் பார்க்கின்றார். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்துக்கு வித்திட்ட நாள்முதல், நூறாண்டுக்கு மேலாக இப்பயிற்சி தமிழர்க்கு உண்டு. சொல்லுக்குச் செய்யும் இவ்வாய்வைச் செய்திக்கும் செய்தல் வேண்டும் என்பதே இப்பொழிவின் கருத்து.

மக்களாட்சி என்பது அறியும் உரிமையின்மேல் எழுப்பிய வீடு. குடிமகன் ஒருவன் தான் அறிந்தவற்றைக் கொண்டே யார்க்கு வாக்களிப்பது, எச்சட்டத்தை எதிர்ப்பது, எவரோடு உறவு கொள்வது என்று முடிவு செய்கின்றான். அவன் அறிந்தது பொய்யாயின், கை அவனுடையதே ஆயினும் வாக்கு வேறொருவனுடையது. 2024 திசம்பர் 6 அன்று உருமேனிய நாட்டின் அரசமைப்பு மன்றம், நடந்து முடிந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் முதற்சுற்றையே செல்லாது என்று தள்ளிற்று. டிக்டாக்கு வழியாக மறைவில் நடந்த பரப்புரையைப் பற்றிய உளவுத்துறை ஆவணங்கள் வெளியானபின் வந்த தீர்ப்பு அது. உருசியாவின் கை அதில் உண்டென்னும் ஐயம் வலுவாக எழுந்தது, உருசியா மறுத்தது. ஒரு நாடு தன் மக்கள் இட்ட வாக்கையே நம்ப இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டதென்றால், அயலார் பொய்யின் ஆற்றல் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இஃது ஐரோப்பியர் கவலை, தமிழர்க்கு என்ன என்று கேட்பார் உளர். சென்னை மாநகர்க்கே இதில் நூறாண்டுக்கு மேற்பட்ட பட்டறிவு உண்டு.

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணியளவில் செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, ஏறத்தாழ 125 குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் குழும்பின் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் சிறிது நேரத்திலேயே திரும்பிப் போய்விட்டது, அச்சம் போகவில்லை. மீண்டும் வருவான் என்னும் பேச்சைக் கேட்டே பல்லாயிரவர் ஊரைவிட்டு ஓடினர். துணிச்சலும் சூழ்ச்சியும் மிக்கவனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்றும் உண்டு. அந்தச் சொல்லின் வேர் அவ்விரவு.

அக்கப்பலோடு ஒட்டிக்கொண்ட கதை ஒன்றுண்டு. செண்பகராமன் பிள்ளை அதிலே இருந்தார். வெள்ளையர் உடைமையைக் குறிபார்த்துச் சுடச் செய்தவர் அவரே என்பது அது. மேடைகளில் கைதட்டல் பெறும் கதை. வேரைத் தேடினால் என்ன தெரிகின்றது? அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்து நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்து பெர்லினுக்குச் சென்றார். வங்கக் கடலில் அவர் இருந்தமைக்குச் சான்று இல்லை. அயல்மண்ணில் அவர் செய்த உண்மைப் பணிகளே அவர் பெருமைக்குப் போதும். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் நிற்கும் அவர் சிலைக்குப் பொய்ம்மாலை வேண்டா. இக்கதையை அயலான் கட்டவில்லை என்பது மெய்யே. ஆயினும் இனிக்கும் பொய்யை வேர் பாராமல் விழுங்கிப் பழகிய வாய், நஞ்சு தோய்ந்த பொய்யையும் ஒருநாள் விழுங்கும். ஆகலின் முதற்பாடம் இது: தமிழனுக்குப் பெருமை தரும் செய்தியையே தமிழன் முதலில் சோதித்தல் வேண்டும்.

அடுத்த பாடம் 1942. அவ்வாண்டு பிப்பிரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் அந்தமானும் சப்பானியர் கைக்குப் போயின. ஏப்பிரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னை என்று ஊரெங்கும் பேச்சு. படைக்கப்பல்கள் சென்னையை நோக்கி வருகின்றன என்னும் தவறான தகவலை ஆட்சியாளரே நம்பினர். அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயர் வழக்குமன்றம் கோவைக்குச் சென்றது. விலங்குக் காட்சியகத்தின் கொடுவிலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மயிலாப்பூரிலும், அப்பொழுதுதான் வளர்ந்துவந்த தியாகராய நகரிலும் வீடுகள் பூட்டிக் கிடந்தன. வரும் என்று அஞ்சிய படை வரவில்லை.

அந்நாளில் ஒவ்வொரு வல்லரசும் தமிழன் காதைத் தேடி வந்தது. பிரித்தானியரின் பி.பி.சி. 1941 மே 3-இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கிற்று. எதிர்த்தரப்பின் வானொலிகளும் இந்திய மொழிகளில் பேசின. உள்நாட்டு நாளிதழ்களோ தணிக்கைக்குள் அடைபட்டிருந்தன. மக்கள் யாரை நம்புவர்? அரசு சொல்வதை நம்ப இயலாதபோது, அண்டை வீட்டான் சொல்வதே அரசிதழ் ஆகிவிடுகின்றது. பொய் செழிப்பதற்கு நிலம் வேண்டும். மறைத்து வைக்கும் ஆட்சியே அந்நிலத்தை உழுது கொடுக்கின்றது. உண்மையை விரைந்து, மக்கள் மொழியில், முழுமையாகச் சொல்லும் அரசே பொய்க்கு எதிரான முதல் அரண்.

மூன்றாவது நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. 1983 சூலைத் திங்களில் தில்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியட்டு' என்னும் ஆங்கில நாளிதழில் ஒரு மடல் வெளியாயிற்று. எழுதியவர் பெயர் இல்லை. அமெரிக்க அறிவியலறிஞர் ஒருவர் என்று மட்டும் குறிப்பு. எய்ட்சு நோயை உண்டாக்கிய நச்சுயிரி அமெரிக்கப் படைத்துறை தன் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது என்றும், இந்நோய் இந்தியாவுக்குள்ளும் நுழையக்கூடும் என்றும் அம்மடல் அச்சுறுத்திற்று. அதைச் செய்தது அமெரிக்க அறிஞர் எவருமல்லர், கே.சி.பி. என்னும் சோவியத்து உளவுத்துறை. 1985 அக்டோபரில் மாசுக்கோவின் இலக்கிய இதழொன்று அக்கதையை விரித்து எழுதிற்று. அதற்குக் காட்டிய சான்று எது தெரியுமா? இந்திய நாளிதழில் வந்த செய்தி! தானே எழுதி, பிறன் பெயரில் வெளியிட்டு, பிறன் சொன்னான் என்று தானே எடுத்துக்காட்டிய திறம் அது. 1987-க்குள் அக்கதை 80-க்கு மேற்பட்ட நாடுகளில் 30-க்கு மேற்பட்ட மொழிகளில் பரவியது. 1992-இல் உருசிய அயல்உளவுத்துறையின் தலைவராயிருந்த பிரிமகோவு, அது தம் நாட்டு உளவுத்துறையின் வேலையே என்று ஒப்புக்கொண்டார்.

அயலார் பொய் அயலார் உடையில் வருவதில்லை என்பதை இங்குக் காண்க. அஃது உள்ளூர் உடை உடுத்து, உள்ளூர் மொழி பேசி, உள்ளூர்த் திண்ணையில் வந்து அமர்கின்றது. வாயிற்காவலன் அதனை அயலான் என்று அடையாளம் காண இயலாது. வேர் தேடுவோன் ஒருவனே காண இயலும்.

அதே நோயைப் பற்றிய உண்மை எங்கிருந்து வந்தது? இந்தச் சென்னையிலிருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்னும் முதுநிலை மாணவியார் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களிடமிருந்து குருதி மாதிரிகளைத் திரட்டினார். 1986-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அம்மாதிரிகள் ஆய்வு செய்யப்பட்டன. இந்தியாவில் அந்நச்சுயிரி உண்டென்பது அப்பொழுதே முதன்முதல் உறுதியாயிற்று. அவர்கள் யாரையும் பழிக்கவில்லை. எவன் செய்தான் என்று முழங்கவில்லை. குருதியை எடுத்தார்கள், சோதித்தார்கள், மீண்டும் சோதித்தார்கள், பிறகே சொன்னார்கள். சுனிதி சாலமன் 1993-இல் தியாகராய நகரில் எய்ட்சு நோயாளர்க்கான ஆய்வு, கல்வி நடுவத்தைத் தொடங்கினார். பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியில் அப்பணி விரிந்தது. தொட்டால் ஒட்டும், அருகிருந்தால் பற்றும் என்னும் வேறு பொய்களால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்க்கு அத்தகைய இடங்களே புகலாயின. பின்வந்த அறிவியல், மாந்தக்குரங்கிலிருந்து நடு ஆப்பிரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நச்சுயிரி மாந்தர்க்குத் தாவிற்று என்று வேர்வரை சென்று காட்டிவிட்டது.

நான்காவது நிகழ்ச்சியில் குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்டவர் தமிழரே. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுகின்றனர் என்று சொல்லிக் காணொளிகள் வடபுலமெங்கும் பரவின. பரப்பியோர் வெளிநாட்டார் அல்லர்; ஆயினும் முறை அதே முறை. திருப்பூரில் முன்னர் நடந்த அடிதடி ஒன்று. அது பீகார்த் தொழிலாளர் இருசாராருக்கு இடையே நேர்ந்தது. மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவருக்கு இடையே நேர்ந்தது. இரண்டையும் வெட்டி ஒட்டித் 'தமிழர் வெறி' என்று பெயர் சூட்டினர். ஓலி விழாவுக்கு ஊர் திரும்பியோர் கூட்டத்தைக் காட்டி, உயிருக்கு அஞ்சி ஓடுகின்றனர் என்றனர். பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது; அதிகாரிகள் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் உடனே காணொளி வழியாக உண்மையை விளக்கினார். தொழிலாளர்க்கு அவர்தம் மொழியிலேயே அறிவிப்புகள் சென்றன. வந்த குழு நேரில் கண்டு, கேட்டு, செய்தி பொய்யென அறிந்து திரும்பியது. 1942-இல் ஆட்சி செய்யத் தவறியதை 2023-இல் ஓர் ஆட்சி செய்தது. புரளி சில நாள்களில் அடங்கிற்று.

இங்கே தமிழ் உணர்வாளர்க்கு ஒரு வினா உண்டு. கசப்பாயினும் கேட்டே ஆகவேண்டும். அப்பொய் அவ்வளவு எளிதில் நம்பப்பட்டதற்குக் கரணியம் யாது? வடவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து இகழும் சில சொற்கள் தமிழ்நாட்டு மேடைகளிலும் ஒலித்ததுண்டு. பொய்யன் அச்சொற்களைப் பொறுக்கி எடுத்துத் தன் பொய்க்குச் சான்றாக வைத்தான். இந்தித் திணிப்பை எதிர்ப்பது மொழியுரிமை; அதில் அணுவளவும் பின்வாங்கல் வேண்டா. ஆனால் இந்தியைத் திணிப்பவன் ஆட்சிக் கட்டிலில் இருக்கின்றான்; தியாகராய நகர்த் துணிக்கடையில் மூட்டை சுமப்பவனும், அடையாற்று உணவகத்தில் தட்டுக் கழுவுபவனும் எதையும் திணிக்க வந்தவர் அல்லர்; வயிற்றுப் பாட்டுக்கு வந்தவர். கொள்கையில் உரமும் சொல்லில் ஒழுங்கும் உடையவனைப் பொய்யன் எளிதில் பயன்படுத்த முடியாது.

இனி, காப்பு யாது? பொய் சொல்வோரைச் சிறையில் அடை என்பது முதலில் தோன்றும் மருந்து. அம்மருந்தின் பக்கவிளைவை இந்நாடு கண்டுவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி, இடர் தரும் செய்தி என்னும் வரையறையற்ற சொற்களைக் கொண்டு எழுதுவோரைச் சிறைக்கு அனுப்ப வழிவகுத்தது. 2015 மார்ச்சு 24-இல் உச்ச வழக்குமன்றம் அதனை முற்றாகத் தள்ளியது. பின்னர் 2023 ஏப்பிரலில் நடுவண் அரசு, தன் செயல்பற்றிய செய்திகளுள் எது பொய் என்று தன் சரிபார்ப்புப் பிரிவே முடிவுசெய்யும் என்று விதி வகுத்தது. 2024 மார்ச்சில் உச்ச வழக்குமன்றம் அப்பிரிவின் அறிவிப்பை நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மும்பை உயர் வழக்குமன்றம் அவ்விதியையே செல்லாதென்றது. தமிழ்நாட்டரசும் 2023-இல் உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒன்றை அமைத்தது. எந்த அரசாயினும் விளக்கம் தருவது அதன் கடமை. தீர்ப்புச் சொல்லி வாயடைப்பது அதன் உரிமையன்று.

அரசையே உண்மையின் ஒரே உடையவனாக ஆக்கினால் என்னாகும் என்பதைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2009-இல் ஈழத்தில் இறுதிப்போர் நடந்தபோது, பொதுமக்கள் ஒருவருக்கும் இழப்பு நேராத வண்ணம் போரிடுவதாக இலங்கை அரசு உலகுக்குச் சொல்லிற்று. செய்தியாளரும் உலகத் தொண்டு அமைப்புகளும் களத்தினின்று விலக்கப்பட்டனர். 2011-இல் வெளியான ஒன்றிய நாடுகள் வல்லுநர் குழு அறிக்கை, பல்லாயிரம் பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. முத்திரை குத்திய பொய் எவ்வளவு கொடியது என்பதற்கு முள்ளிவாய்க்காலினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஆகலின் சட்டம் தொடவேண்டிய இடம் வேறு. பேசுபவன் வாயை அது தொட வேண்டா. பேச்சுக்குப் பின்னாலுள்ள பணப்பையைத் தொடட்டும். தேர்தல் காலத்தில் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், எந்நாட்டார் என்பது வெளிப்பட வேண்டும். ஆயிரம் பெயரில் ஒருவனே இயக்கும் போலிக் கணக்குகளை அம்பலப்படுத்தும் கடமை பெருநிறுவனங்களுக்கு வேண்டும். சரிபார்க்கும் அமைப்பு அரசின் கைக்கும் கட்சியின் கைக்கும் எட்டாத தன்னுரிமையோடு இயங்க வேண்டும். சுவீடன் நாடு 2022 சனவரி 1 முதல் உளக்காப்பு முகமை ஒன்றை நடத்துகின்றது. அயலாட்சிகளின் தகவல் சூழ்ச்சியைக் கண்டு சொல்வதே அதன் பணி, குடிமக்கள் கருத்தைத் தணிக்கை செய்வதன்று.

இதில் மொழியின் பங்கு பெரிது. 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டிப் பகுதியில் இசுலாமியர்க்கு எதிராகக் கலவரம் மூண்டது. அதற்கு எண்ணெய் வார்த்தவற்றுள் ஒன்று, உணவில் மலட்டு மருந்து கலக்கின்றனர் என்று முகநூலில் பரவிய பொய். வெறுப்பைத் தூண்டும் சிங்களப் பதிவுகளைப் படித்து நீக்கும் ஆட்கள் அந்நிறுவனத்தில் போதவில்லை. 2020 மே திங்களில் அந்நிறுவனம் அதற்கு வருத்தம் தெரிவித்தது. ஆங்கிலத்தில் எழுதிய பொய்யை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. சிறு மொழிகளில் எழுதிய பொய்யைப் பார்க்க ஆளில்லை. தமிழ் பேசுவோரிடம் வணிகம் செய்து பொருளீட்டும் நிறுவனம், தமிழ் தெரிந்தோரைப் போதிய அளவில் அமர்த்தியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். தமிழ் உரிமை கோயிலோடும் பள்ளியோடும் முடிவதன்று. பொய்யினின்று காக்கப்படும் உரிமையும் தமிழ் உரிமையே.

ஆயினும் எந்தச் சட்டமும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் காவல் நிற்க முடியாது. செய்யறிவு ஒருவர் குரலையும் முகத்தையும் அப்படியே வார்த்துத் தரும் காலம் இது. கண்ணால் கண்டதும் பொய்யாகக்கூடும். கடைசிக் காவலன் படிக்கும் குடிமகனே. பின்லாந்து நாடு செய்தியை ஆராயும் பயிற்சியை இளமைமுதல் பள்ளிப் பாடங்களோடு கலந்து கற்பிக்கின்றது. மொழிப்பாடத்தில் சொல்லாராய்ச்சி, வரலாற்றுப் பாடத்தில் சான்றாராய்ச்சி, கணக்குப் பாடத்தில் புள்ளிவிவரம் ஏமாற்றும் முறை என்று அறிவு பல வாயில்களால் நுழைகின்றது. தமிழ்ப் பள்ளிகளில் இதனைச் செய்யத் தனிப்பாடம் வேண்டா, தமிழாசிரியரே போதும். ஒரு சொல்லின் வேரைக் காட்டும் நாளில் ஒரு செய்தியின் வேரையும் காட்டட்டும்.

அதற்கு நான்கு வினாக்கள் போதும். இதனை முதன்முதல் சொன்னவர் யார்? இப்படம் எங்கே, எப்பொழுது எடுத்தது? இதனோடு தொடர்பில்லாத வேறு எவர் இதனை உறுதி செய்தனர்? இதனை நம்பினால் ஊதியம் யார்க்கு? 'பேட்ரியட்டு' மடலை இந்நான்கில் முதல் வினாவே வீழ்த்தியிருக்கும். திருப்பூர்க் காணொளியை இரண்டாம் வினா வீழ்த்தியிருக்கும். எம்டன் கதையை மூன்றாம் வினா வீழ்த்துகின்றது.

வேர் மறைவது எவ்வளவு எளிது என்பதற்குச் சான்று அருகிலேயே உண்டு. 'டி.நகர்' என்று நாள்தோறும் சொல்வோருள் எத்துணைப் பேர் அந்த ஒற்றை எழுத்துக்குள் 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயர் இருப்பதை நினைக்கின்றனர்? ஒரு பெயர் நூறாண்டில் எழுத்தாகச் சுருங்கிற்று. புலனத்தில் கைம்மாறும் செய்தியோ ஒரு மணி நேரத்தில் தன் பிறப்பை இழந்துவிடுகின்றது. அனுப்பியவர் மாமா, அக்கை, தோழர் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆக்கியவன் யாரென்பது தெரிவதில்லை. அன்பர் அனுப்பினார் என்பது அன்புக்குச் சான்று; உண்மைக்குச் சான்றன்று.

வேர் தேடுவோர்க்குக் கருவிகள் தென்சென்னையிலேயே உள்ளன. தரமணியில் உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களைக் காத்து வைத்திருக்கின்றது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் எல்லார்க்கும் திறந்தே கிடக்கின்றது. கிழமைக்கு ஒருமுறை பத்து இளைஞர் அங்குக் கூடி, அவ்வாரம் பரவிய ஒரு செய்தியை எடுத்து வேர் தேடி, கண்டதை நல்ல தமிழில் எழுதித் தெருவுக்குத் தெரிவித்தால், எந்த நாட்டு உளவுத்துறையும் அத்தெருவில் கடைவிரிக்க இயலாது.

தமிழ்ப் பெருமக்களே! கலப்படச் சொல் நாவைக் கெடுக்கும்; கலப்படச் செய்தி நாட்டையே கெடுக்கும். முன்னதைக் களையப் பழகிய கைக்குப் பின்னதைக் களைவது அரிதன்று. அடுத்த முறை சினமூட்டும் செய்தியொன்று கைக்கு வரும்போது, பிறருக்கு அனுப்பும் விரல் ஒரு நொடி நிற்கட்டும். அந்த ஒரு நொடியில் வேர் கேளுங்கள். வேரில்லாததை விலக்குங்கள், வேருள்ளதை அஞ்சாது சொல்லுங்கள். மக்களாட்சியைக் காக்கும் தொண்டு அங்கிருந்தே தொடங்குகின்றது.

வாழ்க தமிழ்! வெல்க வாய்மை!